துருவை எடுக்கப் போய் கருவியைத் தொலைத்த கதை

பரணில் ஏறித் தேடினால் பல வீடுகளில் பழைய உளி ஒன்று கிடைக்கும். தாத்தா காலத்து இழைப்புளி, பிடி ஆடும் சுத்தியல், பல் மழுங்கிய ரம்பம்... எல்லாம் செம்மண் பூசியது போலத் துருப்பிடித்துக் கிடக்கும். எடுத்தவுடன் கை போவது உப்புத்தாளுக்கு. கொஞ்சம் வசதி உள்ளவர் என்றால் கிரைண்டருக்கு. அவசரக்காரர் என்றால் கழிவறை கழுவும் ஆசிட் பாட்டிலுக்கே போய்விடுவார்! அரை மணி நேரத்தில் உளி பளபள என்று ஆகிவிடும். பார்ப்பவர்களும் "அடடா, புதுசு மாதிரி ஆக்கிட்டீங்களே" என்பார்கள்.

உண்மையில் அந்த உளிக்கு நடந்தது நல்லதா, கெட்டதா?

சாதாரணக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் ஐரோப்பாவின் பெரிய பெரிய அருங்காட்சியகங்கள் இதற்குப் பதில் கண்டுபிடிக்க ஏறக்குறைய நூறு வருடம் எடுத்துக்கொண்டன. பதில் தெரிவதற்குள் எத்தனையோ பழைய இரும்புப் பொருட்கள் "சுத்தம்" செய்யப்பட்டே அழிந்து போயின. துரு அழித்ததை விட, துருவை எடுத்தவர்கள் அழித்த தகவல் சில சமயம் அதிகம். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பளபளத்தால் சுத்தம்

பழைய காலத்தில் இரும்பைச் சுத்தம் செய்வது என்றால் ஒரே அர்த்தம்தான்: தேய்ப்பது. செங்கல் தூள், எண்ணெய், மணல், பிறகு எமரி. லண்டன் கோபுரத்தில் (டவர் ஆஃப் லண்டன்) அரசர்களின் கவசங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். 17ஆம் நூற்றாண்டிலிருந்தே மக்கள் காசு கொடுத்துப் போய்ப் பார்த்த காட்சி அது. இப்போது நமக்குக் கவசம் என்றாலே வெள்ளி போல மின்னும் இரும்புதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தக் கவசங்களில் பல முதலில் அந்த நிறத்தில் இல்லை. இரும்பைப் பக்குவமாகச் சூடேற்றி நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ ஆக்கியிருந்தார்கள். அந்த நிறம் அலங்காரம் மட்டுமல்ல, துருப்பிடிக்காமல் கொஞ்சம் காக்கவும் செய்தது. தலைமுறை தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்து அந்த நிறம் போயே போய்விட்டது. மடிப்புகளின் இடுக்கில், ஆணித் தலையின் அடியில் என்று துளித்துளியாக எஞ்சியதை வைத்துத்தான் பிற்கால ஆய்வாளர்கள் பழைய நிறத்தை ஊகிக்க வேண்டியிருந்தது.

கவசத்துக்காவது தேய்த்து வைக்க ஆள் இருந்தது. கைக்கருவிகளுக்கு அதுவும் இல்லை. பழைய உலகத்தில் இரும்பு விலை உயர்ந்தது, எஃகு அதைவிட உயர்ந்தது. கோடாலி தேய்ந்தால் முனையில் புதிய எஃகுத் துண்டு வைத்து அடிப்பார்கள். அதுவும் தேய்ந்தால் உருக்குலைத்து ஆணியாக்குவார்கள், லாடமாக்குவார்கள். (அந்தக் காலத்துக் கொல்லன் பட்டறையே ஒரு காயலான் கடைதான்!) அதனால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கருவி ஒன்று இன்று கையில் இருக்கிறது என்றால், பெரும்பாலும் யாரோ அதைத் தொலைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அல்லது ஒளித்து வைத்துவிட்டுத் திரும்பி வரவில்லை.

அப்படித் தொலைந்ததில் பெரிய புதையல், ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் 1936-ல் கிடைத்தது. மாஸ்டர்மீர் என்ற பழைய சதுப்பு நிலத்தை உழுது கொண்டிருந்த விவசாயியின் கலப்பையில் ஏதோ மாட்டியது. தோண்டிப் பார்த்தால் ஓக் மரப் பெட்டி ஒன்று, சுற்றிலும் இரும்புச் சங்கிலி. வைக்கிங் காலத்துக் கைவினைஞர் ஒருவரின் கருவிப் பெட்டி அது! கோடாலி, ரம்பம், அரம், துளைப்பான், சுத்தியல், இடுக்கி என்று 200-க்கும் மேற்பட்ட பொருட்கள். சதுப்பு மண்ணில் காற்று புகாததால் ஆயிரம் வருடம் கழித்தும் உருவம் குலையாமல் இருந்தன. தச்சு வேலை, கொல்லு வேலை இரண்டும் செய்த ஆளாக இருந்திருக்க வேண்டும். பெட்டி எப்படி அந்தச் சதுப்புக்குள் போனது என்பது யாருக்கும் தெரியாது.

தோண்டி எடுத்தது உதிர்ந்து போனது

19ஆம் நூற்றாண்டில் அகழ்வாராய்ச்சி சூடு பிடித்தது. மண்ணிலிருந்து வண்டி வண்டியாகப் பழைய இரும்பு வெளியே வந்தது. அப்போதுதான் ஒரு விசித்திரம் கவனத்துக்கு வந்தது. மண்ணுக்குள் ஆயிரம் வருடம் தாங்கிய கத்தி, அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்து வருடம் கூடத் தாங்கவில்லை. மேலே மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் வியர்வைத் துளி போல நீர் கோர்த்தது. பிறகு வெடித்தது. பிறகு செதில் செதிலாக உதிர்ந்து பெட்டிக்கு அடியில் தூளாகக் கிடந்தது.

காரணம் உப்பு. மண்ணிலும் கடலிலும் இருக்கும் குளோரைடு, துருவுக்குள் புகுந்து இரும்பை ஒட்டி உட்கார்ந்து கொள்கிறது. மண்ணுக்குள் காற்று குறைவு என்பதால் அது அடங்கிக் கிடக்கும். வெளியே எடுத்தவுடன் காற்றும் ஈரமும் சேர்ந்துவிடும். துருவுக்கு இரும்பை விடப் பல மடங்கு இடம் தேவை என்பதால் உள்ளேயிருந்து தள்ளித் தள்ளி, பொருளையே பிளந்துவிடும். மேலே எவ்வளவு தேய்த்தாலும் இந்த உப்பு போகாது.

இதை ரசாயனப் பிரச்சனையாகப் பார்த்து, அதற்கென்றே ஓர் ஆளை நியமித்த முதல் இடம் பெர்லின். அரச அருங்காட்சியகங்களில் 1888-ல் ஒரு ரசாயனக் கூடம் தொடங்கி, ஃப்ரீட்ரிஷ் ராட்கன் என்ற வேதியியலாளரிடம் கொடுத்தார்கள். (இங்கே தமிழ்நாட்டுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. யாகோர் என்ற ஜெர்மானியர் 1876-ல் ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்த பொருட்கள் போய்ச் சேர்ந்ததும் அதே பெர்லினுக்குத்தான்.) நார்வேக்காரரான கிரெஃப்டிங் 1892-ல் ஒரு வழி சொன்னார். துருப்பிடித்த இரும்பைச் சுற்றித் துத்தநாகப் பட்டைகளைச் சுருட்டி, காஸ்டிக் சோடா கரைசலில் போட்டு வைக்க வேண்டும். துத்தநாகம் கரையும், இரும்பின் மேல் நுரை நுரையாக ஹைட்ரஜன் வரும், துரு இளகிக் கழன்று விழும். மின்சாரம் செலுத்தியும் இதே வேலையைச் செய்யலாம் என்பது பெர்லினில் முன்பே தெரிந்திருந்தது. ராட்கன் இதையெல்லாம் சோதித்து 1898-ல் ஒரு கைநூலே எழுதினார். 1905-ல் ஆங்கிலத்திலும் வந்தது. இன்று பழைய கருவி சேகரிப்பவர்கள் வாளியில் சலவை சோடாவும் பேட்டரி சார்ஜரும் வைத்துச் செய்யும் வித்தை, அடிப்படையில் அந்தக் காலத்து பெர்லின் வித்தைதான்.

ஆசிட் மாதிரி இது நல்ல இரும்பைத் தின்னாது. அது பெரிய லாபம். ஆனால் ராட்கன் காலத்தில் ஒரு விஷயத்தை யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. துரு முழுவதும் போய் மிஞ்சும் இரும்புதான் "உண்மையான" பொருள் என்று எல்லோரும் நம்பினார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு தவறு என்பது பின்னால் வரும்.

தீயில் போட்ட டென்மார்க்

இந்தக் கதையில் மனதை உறுத்தும் கட்டம் இதுதான்.

டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் குஸ்தாவ் ரோசன்பெர்க் என்று ஒருவர் இருந்தார். திறமைசாலி, கவனமானவர், பொருட்களின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். உதிர்ந்து கொண்டிருந்த இரும்பைக் காப்பாற்ற அவர் 1917-ல் வெளியிட்ட வழி இப்படிப் போகும். பொருளைக் கல்நார்த் தாளில் சுற்றி, கம்பியால் கட்டி, உலையில் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை செக்கச் சிவக்கக் காய்ச்சு. அப்படியே எடுத்துப் பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் போடு. பிறகு பல முறை கொதிக்கவைத்துக் கழுவு. மெழுகில் ஊறவை. அவ்வளவுதான்.

வேலை செய்ததா? பிரமாதமாக வேலை செய்தது! உப்பு ஓடிவிட்டது, வெடிப்பது நின்றது. இல்லையென்றால் என்றோ தூளாகியிருக்கும் பொருட்கள் பல இந்த வழியால் பிழைத்தன.

ஆனால் ஒரு கொல்லரைக் கூப்பிட்டு "இந்தக் கத்தியை 800 டிகிரியில் வைக்கப் போகிறோம்" என்று சொல்லியிருந்தால் அவர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஏனென்றால் வெட்டும் கருவியின் உயிரே துவைச்சலில் இருக்கிறது. எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ சட்டென்று தோய்த்தால் அது கடினமாகும், கண்ணாடி போல உடையவும் செய்யும். பிறகு மெதுவாக 200 முதல் 300 டிகிரி வரை மறுபடி சூடு காட்டினால் அந்த முறிகிற குணம் குறையும், கூர்மை நிற்கும். முகத்தில் ஓடும் நிறத்தைப் பார்த்தே கொல்லர்கள் பதம் சொல்வார்கள். வைக்கோல் மஞ்சள் நிறத்தில் நிறுத்தினால் ஒரு பதம், நீலத்தில் நிறுத்தினால் இன்னொரு பதம். பழைய கத்தி ஒன்றின் குறுக்குவெட்டை மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இந்தப் பதத்தின் தடயம் அப்படியே தெரியும். அதைச் செய்த கொல்லருக்கு எஃகு கிடைத்ததா, அதை நடுவில் வைத்தாரா முனையில் ஒட்டினாரா, தோய்த்தாரா இல்லையா, எல்லாமே அதில் பதிவாகியிருக்கும்.

800 டிகிரிக்குப் போன கத்தியில் இந்தப் பதிவு அழிந்துவிடுகிறது. சி.டி.யை ஃபார்மட் செய்த மாதிரி. வெளி உருவம் இருக்கும், உள்ளே எழுதியிருந்தது இருக்காது. அதைவிடக் கொடுமை, சூடு பட்டுப் புதிதாக உருவான அமைப்பைப் பார்த்து "பழைய கொல்லர் செய்தது இது" என்று பிற்கால ஆய்வாளர் ஏமாறவும் வாய்ப்பு உண்டு.

ரோசன்பெர்க்கைக் குற்றவாளி ஆக்குவது நியாயமில்லை. உலோகத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் கலை அப்போதே இருந்தாலும், பழைய கத்திகளையும் உளிகளையும் வரிசையாக வெட்டிப் பார்த்து வரலாறு எழுதும் வேலை பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. பிரிட்டனில் டைல்கோட், கில்மோர் என்ற இருவர் பழைய வெட்டுக் கருவிகளையும் ஆயுதங்களையும் இப்படி ஆராய்ந்து 1986-ல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார்கள். மென்மையான இரும்புக்கு நடுவே எஃகுப் பட்டையை வைத்து அடித்தது, முனையில் மட்டும் எஃகைப் பற்றவைத்தது என்று ஒவ்வொரு காலத்துக் கொல்லனின் சிக்கனமும் சாமர்த்தியமும் அதில் தெரியவந்தன. கேள்வியே பிறக்காத காலத்தில் பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சுரங்கத்திலிருந்து திரும்பிய பொருட்கள்

முதல் உலகப் போரின் கடைசி வருடம். லண்டனில் விமானக் குண்டுவீச்சு. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் முக்கியமான பொருட்கள் பலவற்றை 1918-ல் நிலத்தடிச் சுரங்கத்துக்கு மாற்றியது. குண்டிலிருந்து தப்பித்தன, ஈரத்திலிருந்து தப்பவில்லை. 1919-ல் திரும்ப மேலே கொண்டு வந்தபோது இரும்பு துருப்பிடித்திருந்தது, வெண்கலத்தில் களிம்பு ஏறியிருந்தது, கல்லில் உப்புப் பூத்திருந்தது. பதறிப் போய் அலெக்சாண்டர் ஸ்காட் என்ற வேதியியலாளரை அழைத்தார்கள். 1920-ல் ஒரு சிறிய ஆய்வுக்கூடம் தொடங்கியது. 1924-ல் ஹெரால்ட் பிளெண்டர்லீத் என்ற இளைஞர் அங்கே சேர்ந்தார். பிறகு அந்தத் துறையின் பெரிய புள்ளியாகவே ஆகிவிட்டார். அவர் 1956-ல் எழுதிய நூலைப் பல நாட்டு அருங்காட்சியகங்கள் பாடநூலாகவே வைத்திருந்தன.

இதே அலை சென்னைக்கும் வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-ல் ரசாயனப் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. இந்திய அருங்காட்சியகங்களில் இதுதான் முதல் என்பார்கள். எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் அங்கே களிம்பு பிடித்த வெண்கலச் சிலைகளை மின்னாற்பகுப்பு முறையில் சுத்தம் செய்தார். மண்ணுக்குள் புதைந்து கிடந்து வந்த சிலை, பக்கத்திலேயே கடல், காற்றில் உப்பு... சென்னையை விட அந்த வேலைக்குப் பொருத்தமான ஊர் எது! அலெக்சாண்டர் ரீ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதிச்சநல்லூரில் எடுத்த ஏராளமான இரும்புப் பொருட்களும் இதே எழும்பூருக்குத்தான் வந்தன. சிலைகளுக்குக் கிடைத்த புகழ் அந்த இரும்புக்குக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

துருவுக்குள்தான் கருவி இருக்கிறது

இப்போது அந்தத் தவறான நம்பிக்கைக்கு வருவோம்.

ஓர் உளி மண்ணுக்குள் துருப்பிடிக்கும்போது இரும்பு அப்படியே உள்ளே சுருங்கிக்கொண்டே போகிறது. துரு வெளியே வீங்கிக்கொண்டே போகிறது. அப்படியானால் உளியின் பழைய மேற்பரப்பு, அதாவது கொல்லன் அரத்தால் ராவிய, முத்திரை குத்திய அந்த முகம், இப்போது எங்கே இருக்கும்? மிஞ்சிய இரும்பின் மேலா? இல்லை. அது துருவுக்கு நடுவே இருக்கிறது! வெளிப்பக்கம் மண்ணும் மணலும் கலந்த துரு. உள்பக்கம் கறுப்பாக, கெட்டியாக இன்னொரு துரு. இரண்டும் சந்திக்கும் அந்த எல்லைதான் பழைய உளியின் தோல். வெளித் துருவை மட்டும் அங்கே வரை எடுத்து நிறுத்தினால் உளி தெரியும். "முழுச் சுத்தம்" என்று இரும்பு வரை போனால் உளி போய்விடும். குழி விழுந்த ஒரு இரும்புக் குச்சிதான் கையில் மிஞ்சும். அந்தக் காலத்தில் துத்தநாகமும் மின்சாரமும் வைத்து முழுத் துருவையும் கழற்றியபோது நடந்தது இதுதான்.

எக்ஸ்ரே வந்த பிறகு இந்த எல்லையைத் தேடுவது சுலபமானது. இப்போதெல்லாம் பெரிய ஆய்வுக்கூடங்களில் மண்ணிலிருந்து வந்த இரும்பை முதலில் எக்ஸ்ரே எடுக்காமல் தொடுவதே இல்லை. பிறகு மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து, அறுவை சிகிச்சைக் கத்தியாலும், நுண்ணிய தூளைக் காற்றோடு பீச்சும் கருவியாலும் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எடுப்பார்கள். ஒரு கத்திக்கே நாள்கணக்கில் ஆகலாம்.

இதன் உச்சக்கட்ட உதாரணம் கடலில் கிடைத்தது. லா பெல் என்ற பிரெஞ்சுக் கப்பல் 1686-ல் டெக்சாஸ் கரையோரம் மூழ்கியது. 1996, 97-ல் அதைச் சுற்றிக் கடலுக்குள்ளேயே தடுப்பணை கட்டி, தண்ணீரை இறைத்துவிட்டுத் தோண்டினார்கள். கடலுக்குள் இரும்பைச் சுற்றி மணல், சிப்பி, துரு எல்லாம் சேர்ந்து பாறை போல ஒரு கூடு கட்டிவிடும். உள்ளே இருந்த இரும்பு பல இடங்களில் முழுவதும் கரைந்து போயிருக்கும். அதாவது கருவியே இல்லை, கருவி இருந்த காலி இடம் மட்டும் இருக்கிறது! டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் இப்படிப்பட்ட கூட்டில் துளை போட்டு, உள்ளே எபாக்சி பிசினை ஊற்றி, இறுகிய பிறகு கூட்டை உடைத்தார்கள். உள்ளிருந்து அச்சு அசலாகப் பழைய கருவியின் வடிவம் வந்தது. வெறும் அழுக்கு என்று அந்தப் பாறைக் கூட்டைத் தூக்கி எறிந்திருந்தால்?

இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1545-ல் மூழ்கி 1982-ல் மேலே தூக்கப்பட்ட அந்தக் கப்பலில் தச்சரின் அறையே கிடைத்தது. இழைப்புளியின் மரக்கட்டை, கொட்டாப்புளி, அளவுகோல், உளிப் பிடிகள் எல்லாம் நேற்று வைத்தது போல இருந்தன. சேற்றில் மரம் பிழைத்தது. ஆனால் வெட்டும் இரும்பில் பெரும்பகுதி போய்விட்டது. பிடி இருக்கிறது, உளி இல்லை.

கடல் இரும்பில் மிச்சம் இருந்தால் அதிலிருந்து உப்பை வெளியேற்ற, நார்த், பியர்சன் என்ற இருவர் மேற்கு ஆஸ்திரேலியாவில் மூழ்கிய கப்பல்களின் இரும்பை வைத்து 1975 வாக்கில் ஒரு நல்ல வழி கண்டார்கள். காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைட்டும் கலந்த வெதுவெதுப்பான கரைசலில், காற்று புகாத கலத்தில், மாதக்கணக்கில் ஊறவைப்பது. 800 டிகிரி தேவையில்லை. பொறுமைதான் தேவை.

ராச்செஸ்டரில் தப்பித்த பெட்டி

மண்ணுக்குள் போகாத, பட்டறையிலேயே பழசான கருவிகளின் கதி என்ன? அவற்றின் மேல் துரு மெல்லியதுதான். ஆனால் அவற்றில் இருக்கும் தகவலும் மெல்லியது!

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊரை எடுத்துக்கொள்வோம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உலகத்துக்கே உளியும் ரம்பமும் அரமும் அனுப்பிய ஊர். அங்கே கத்தி செய்பவர்களின் சங்கத்துக்கு 1624-லேயே பாராளுமன்றச் சட்டம் உண்டு. ஒவ்வொருவரும் தன் முத்திரையைப் பதிவு செய்ய வேண்டும். இன்றைய டிரேட் மார்க்கின் தாத்தா. உளியின் கழுத்துக்குக் கீழே குத்தியிருக்கும் அந்தச் சின்ன எழுத்தை வைத்துத்தான் யார் செய்தது, எந்த வருடங்களில் செய்தது என்று சொல்ல முடியும். அதன் ஆழம் சில சமயம் ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. கிரைண்டரில் கம்பி பிரஷ் போட்டு அரை நிமிடம் பிடித்தால் போதும், முந்நூறு வருடப் பதிவேட்டில் ஒரு வரி அழிந்துவிடும்.

அந்தக் கருவிகள் புதிதில் எப்படி இருந்தன என்று பார்க்க ஒரு நல்ல இடம் இருக்கிறது. கென்ட் மாவட்டத்து ராச்செஸ்டர் கில்டுஹால் அருங்காட்சியகத்தில் ஒரு தச்சுப் பெட்டி. ஜோசப் சீட்டன் என்பவர் 1796-ல் தன் மகன் பெஞ்சமினுக்காக லண்டன் கேப்ரியல் கடையில் கருவிகள் வாங்கித் தந்தார். மகன் அடுத்த வருடம் அவற்றை வைக்க அழகான பெட்டி ஒன்று செய்தான். கூடவே ஒவ்வொரு கருவியின் பெயரையும் விலையையும் வரிசையாக எழுதி வைத்தான். (சரக்கிருப்புப் பதிவேடு! வணிகவியல் மாணவர்கள் கும்பிட வேண்டிய ஆள்.) ஆனால் அந்தக் கருவிகளை அவன் பெரிதாகப் பயன்படுத்தவே இல்லை. அதனால்தான் 200 வருடம் கழித்தும் தொழிற்சாலையில் சாணை பிடித்த கோடுகள் கூட அவற்றில் தெரிகின்றன. அந்தக் கோடுகளைப் பார்த்த பிறகுதான் ஒரு விஷயம் பலருக்கு உறைத்தது. 18ஆம் நூற்றாண்டு உளி கண்ணாடி போலப் பளபளப்பாக இருந்ததே இல்லை. வெட்டும் முகம் மட்டும் வழவழப்பு, மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு. பழைய உளியைத் தேய்த்துக் கண்ணாடியாக்குபவர், அது ஒருநாளும் இல்லாத நிலைக்கு அதைக் கொண்டுபோகிறார்.

சந்தைக்கும் இது தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் ஹென்றி மெர்சர் 1897-ல் பழைய அடுப்புக் கருவி தேடிக் காயலான் கடைக்குப் போய், அங்கே குப்பையாகக் குவிந்திருந்த கைக்கருவிகளைப் பார்த்துச் சேகரிக்க ஆரம்பித்தபோது அவை பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தன. அவர் 1916-ல் பென்சில்வேனியாவில் அவற்றுக்கென்றே ஒரு கான்கிரீட் கோட்டை கட்டி அருங்காட்சியகமாக்கினார். இன்று அப்படிப்பட்ட கருவிகளுக்கு ஏலம் நடக்கிறது. கணக்குப் பதிவியலில் தேய்மானம் போகப் போக மதிப்பு குறையும் என்று படிக்கிறோம். பழைய கருவியில் வருடத்தால் வரும் தேய்மானம் மதிப்பைக் கூட்டுகிறது. உப்புத்தாளால் வரும் தேய்மானம் குறைக்கிறது! நன்றாகத் தேய்த்து மின்னவைத்த இழைப்புளியைப் பார்த்தால் அனுபவசாலிச் சேகரிப்பாளர் உதட்டைப் பிதுக்குவார்.

வீட்டில் இருக்கும் உளிக்கு

இவ்வளவும் படித்த பிறகு பரணில் இருக்கும் உளியை என்ன செய்வது?

முதலில் எதையும் ஊற்றாமல் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முத்திரை, எழுத்து, பிடியில் யாராவது பெயர் பொறித்திருக்கிறார்களா, நிக்கல் பூச்சோ பழைய கறுப்புப் பூச்சோ எங்காவது மிச்சம் இருக்கிறதா? போட்டோ எடுத்து வைப்பது நல்லது. பிறகு உலர்ந்த பழைய பல் பிரஷ்ஷால் தளர்ந்த துருவைத் தட்டிவிடலாம். மண்ணெண்ணெய் தடவி ஓரிரு நாள் விட்டால் துரு இளகும். மெல்லிய பித்தளைத் தகட்டாலோ, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சாலோ மெதுவாக எடுக்கலாம். பித்தளை இரும்பை விட மென்மை, அதனால் கீறாது. கறுப்பாக வழவழவென்று ஒட்டியிருக்கும் படலம் வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அது கெடுதல் செய்யும் துரு இல்லை. கூர் தீட்ட வேண்டிய விளிம்பை மட்டும் சாணைக் கல்லில், தண்ணீர் விட்டு, கையால் தீட்டினால் போதும். மோட்டார் சாணையில் விளிம்பு நீலமாக மாறினால் துவைச்சல் போய்விட்டது என்று அர்த்தம். ரோசன்பெர்க் உலையின் குட்டி வடிவம் அது. பிடியை எரித்துக் கழற்றுவதும் அதே தப்புதான்.

வினிகர், புளிக்கரைசல் எல்லாம் துருவை எடுக்கும். ஆனால் நேரம் மறந்தால் நல்ல இரும்பையும் அரித்துச் சாம்பல் நிறமாக்கிவிடும். கழிவறை ஆசிட் கூடவே கூடாது. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துருவை எடுத்துவிட்டு, அருங்காட்சியகங்களை நூறு வருடம் அழவைத்த அதே குளோரைடை உளிக்குள் விட்டுவிட்டுப் போகும். சலவை சோடா மின்சார முறை செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கருவி எதிர்முனையில்தான் இருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் துருவுக்குப் பதில் உளியே கரையும்! நேர்முனைக்கு எவர்சில்வர் துண்டு வைக்கவே கூடாது, அதிலிருந்து விஷத்தன்மை உள்ள குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த இடத்தில், பக்கத்தில் தீ இல்லாமல் செய்ய வேண்டும். பழைய பூச்சு மிச்சம் இருக்கும் கருவி என்றால் இந்த முறையே வேண்டாம், பூச்சும் உரிந்து வந்துவிடும்.

கடைசியாக நன்றாகக் காயவைத்து மெழுகு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950களில் இதற்கென்றே நுண்படிக மெழுகுக் கலவை ஒன்றை உருவாக்கினார்கள். இன்றும் ரெனைசான்ஸ் வாக்ஸ் என்ற பெயரில் விற்கிறது. அது கிடைக்காதவர்கள் மெல்லிய மிஷின் எண்ணெய் தடவலாம். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்குப் பிடித்து நாறும். மெழுகு பூசிய உளியையும் செய்தித்தாளில் சுற்றி மூலையில் போட்டுவிடக் கூடாது, தாள் ஈரத்தை இழுக்கும். சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர் என்றால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். செம்மஞ்சளாகப் புள்ளி ஏதாவது தெரிந்தால் மறுபடியும் கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு பழைய துணி.